காட்டேறிக்குக் கலியாணம் சொல்லுதல்

போன ஞாயிற்றுக்கிழமை மருதனார்மடம் சந்தையில் வைத்து என்னைப் பிடித்துவிட்டார்கள்.

பிடித்தவர் ஒருவர்தான். ஆனால் அவருடைய குரலுக்குச் சந்தையில் பாதி திரும்பிப் பார்த்தது. அவரின் ஒரு கையில் வாழைப்பொத்தி. மற்றக் கையில் என் முழங்கை.

"தம்பி, நீர்தானே உந்தப் பேப்பரிலை ரத்தம் குடிக்கிற கதையள் எழுதுறது?"

"கதை நான் எழுதுறேல்லை ஐயா. வாசிச்சதைப் பற்றித்தான்..."

"வாசிச்சாலும் பிழைதான். உம்மடை எழுத்தைப் பாத்திட்டு என்ரை மகள் உந்தப் புத்தகம் ஒண்டை எங்கையோ தேடிப் பிடிச்சுப் படிச்சுப்போட்டாள். இப்ப யன்னலைத் திறக்க விடுறாள் இல்லை. இந்த வெக்கைக்கு வீடு முழுக்கப் பூட்டிப்போட்டு அவிஞ்சுபோய்க் கிடக்கிறம்."

"யன்னலைத் திறந்து விடுங்கோ ஐயா. கூப்பிடாமல் அவர் உள்ளுக்கு வரமாட்டார்."

"ஆர்?"

"வம்பயர்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உமக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"இல்லை ஐயா."

"அதுதான்" என்று சொல்லி முழங்கையை விட்டார். பிறகு போகிற போக்கில் திரும்பி, "எழுதுறதுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ உமக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. சந்தையில் கத்தரிக்காய்ப் பையோடு நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா மயிலிட்டியில் கடலுக்குப் போகிறவர். பெயரை எழுதுவார், அதற்கு மேல் பேனையைப் பிடிக்கமாட்டார். அம்மா சுவாமிப் படத்துக்குக் கீழே உள்ள எழுத்தை மட்டும் படிப்பார் — அதுவும் மனப்பாடம் என்பதால்.

பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பாடமெல்லாம் ஆங்கிலத்தில். எனக்கோ ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்கத் தெரியாது. அந்த நேரம் விடுதி அறையின் அலுமாரி மேல் யாரோ விட்டுவிட்டுப் போன தடித்த நாவல் ஒன்று கிடந்தது. அட்டை இல்லை. முதல் பத்துப் பக்கமும் இல்லை. மலையுச்சியில் ஒரு மாளிகை, பனிமூட்டம், திறக்கக்கூடாத ஓர் அறை, விடிந்தால் கழுத்தில் இரண்டு புள்ளிகள்... அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தவணை முழுக்க வாசித்தேன். நான் முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அது.

விளைவு? இன்றைக்கும் என் ஆங்கிலம் சவப்பெட்டி ஆங்கிலம்தான். கல்லறைக்கு நாலைந்து சொல் சொல்வேன். இருட்டின் வகைகள் எல்லாம் தெரியும். தொலைபேசிக் கம்பனிக்காரன் எடுத்து ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் மட்டும்... சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன்.

பிறகு அந்த வகை நாவல்களை விடவே இல்லை. பயத்துக்காக வாசிக்கிறேன் என்றா நினைக்கிறீர்கள்? பயப்பட எங்கள் ஊரில் வேறு எவ்வளவோ இருந்தது. என்னைப் பிடித்தது அந்த மாளிகைகளின் தனிமை. இருபது பேர் இருந்து சாப்பிடக்கூடிய மேசை. அதில் ஒரு தட்டம். எல்லோரும் பயப்படுகிற அந்த ஆள், யாராவது வந்து கொஞ்சம் கதைத்துவிட்டுப் போகமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பான்.

அது எனக்கு நன்றாக விளங்கியது. ஒரு நாவலை முடித்துவிட்டு, அதைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் இல்லாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு தனிப் பசி. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கதை கலகலப்பாகப் போகும். நான் மட்டும் தொண்டைக்குள் ஒரு மாளிகையை வைத்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருப்பேன்.

முயற்சி செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். அப்பாவுக்கு ஒருநாள் ஒரு நாவலின் அட்டைப்படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"ஏன் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறான்? பல்லுக் கொதியோ?"

நான் வேலை செய்கிற தெல்லிப்பழை அலுவலகத்தில் சுகந்தி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். எங்களுக்குள் அவர்தான் வாசிப்பவர். சமையல் குறிப்பும் தொடர்கதையும். தமிழில் வந்த நல்ல வம்பயர் நாவல் ஒன்றைப் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்து அவருக்குக் கொடுத்தேன். அடுத்த நாள் காலை என் மேசையில் புத்தகம் இருந்தது. பேப்பரால் சுற்றி... மேலே ஒரு சின்ன விபூதிப் பொட்டலம்.

"குறை நினைக்காதை தம்பி. வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்கு. நீயும் கொஞ்சம் பூசு."

பூசினேன்.

முகநூலில் எழுதிப் பார்த்தேன். கனடாவில் இருக்கிற மச்சான் லைக் போட்டான். அவன் மரண அறிவித்தலுக்கும் லைக் போடுகிறவன்.

இந்தப் பத்திரிகையில் ஒரு பத்தி கிடைத்ததும் நான் காட்டேறிகளைப் பற்றி எழுதத் தொடங்கியது அதனால்தான். இந்தக் குடாநாட்டில் யாராவது ஒரு ஆள் இருக்கமாட்டாரா? "ஓம் தம்பி, நானும் வாசிச்சனான்" என்று சொல்ல?

இருந்தார்.

என்னுடைய போன் விழுந்து கண்ணாடி வெடித்தது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கைபேசிக் கடை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கொடுத்தேன். கடைக்காரர் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருப்பார். கண்ணாடியை மாற்றிவிட்டு, வேலை செய்கிறதா என்று திரையைத் தட்டினார். நான் வாசித்துக்கொண்டிருந்த நாவல் திறந்துகொண்டது. ஒரு வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெளிச்சவீட்டுக்காரி இன்னும் கதவைத் திறக்கல போல. முடிவு சொல்லட்டா?"

"ஐயோ, சொல்லாதைங்கோ!"

கடையில் நின்ற மற்றவர்கள் பயந்து விலகினார்கள்.

அவர்தான் இல்ஹாம். "அண்ணை" என்று தொடங்கி, இரண்டாம் தரம் போனபோது அவர்கள் வழக்கப்படி "நானா" என்று கூப்பிடத் தொடங்கினேன். தொண்ணூறில் எங்கள் தமிழ் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவருடைய குடும்பமும் ஒரு உடுப்புப் பையோடு புத்தளத்துக்குப் போனது. நானா பிறந்தது அங்கே. யுத்தம் முடிந்த பிறகு அவருடைய வாப்பா பிடிவாதமாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து, இடிந்து கிடந்த பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இருக்கிறார்.

"நீங்கள் எப்பிடி நானா உந்தப் புத்தகங்களுக்குள்ளை விழுந்தனீங்கள்?"

"கற்பிட்டியில ஒரு ஹோட்டல்ல வேலை செஞ்சன். வெள்ளைக்காரர் அறையில விட்டுட்டுப் போற புத்தகம் ரெண்டு சாதி. ஒண்டு உடம்பு மெலியிறது. மற்றது ரத்தம் குடிக்கிறது. நான் ஏற்கெனவே மெலிவு."

எங்களுக்குள் புத்தகங்கள் மாறின. அலுவலகம் முடிந்து நான் பஸ் ஏறி ரவுனுக்குப் போவேன். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான். அவர் போன்களைக் கழற்றியபடி கதைப்பார். வாடிக்கையாளர் யாராவது வந்தால் நிறுத்துவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருந்த யோகன் அண்ணைக்கு நாங்கள் இருவரும் ஏதோ கள்ளக்கடத்தல் செய்கிறோம் என்று கொஞ்சக் காலம் சந்தேகம் இருந்தது. கல்லறை, பெட்டி, எலும்பு என்று கதைத்தால் யாருக்குத்தான் வராது?

எங்களுடைய பெரிய சண்டை அந்த வெளிச்சவீட்டு நாவலைப் பற்றித்தான். கடற்கரையில் வெளிச்சவீடு காக்கிற ஒரு விதவை. அவளுடைய கதவுக்கு வெளியே மழையில் ஒருவன் நிற்கிறான். நாவலில் பாதி முடியும்வரை நின்றுகொண்டே இருக்கிறான். உள்ளே வா என்று அவள் சொல்லவேண்டும். சொல்லாமல் அவனால் வர முடியாது. அது அவர்களின் சட்டம்.

"விசர்ச் சட்டம்" என்றேன். "இவ்வளவு பலம் இருக்கு. கதவை உடைச்சுக்கொண்டு போறதுக்கென்ன?"

நானா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"கதவுல கேக்காம உள்ளுக்கு வந்தவங்களைப் பத்தி எங்கட வாப்பாகிட்டக் கேளுங்க எழுத்தாளர். அதோட பாத்தா உங்கட காட்டேறி நல்ல பண்பான மனிசன்."

அவர் என்னை எழுத்தாளர் என்றுதான் கூப்பிடுவார். பகிடிக்கு. அன்றைக்குப் பகிடி இருக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து சார்ஜர் கேட்டார். நல்ல காலம்.

இப்படி இரண்டு வருடம். பொறுங்கள் — ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு வருடத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நான் அவருடைய வீட்டுக்குப் போனதில்லை. அதைப் பற்றி ஒருவரும் யோசித்ததுகூட இல்லை... என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்தது.

எங்கள் பக்கம் கலியாணத்துக்கு அழைப்பதை 'கலியாணம் சொல்லுறது' என்போம். கார்ட் அடித்தால் போதாது. அப்பாவும் அம்மாவும் சோடியாக ஒவ்வொரு வீடாகப் போகவேண்டும். கையில் தட்டம், குங்குமம், சந்தனம். உள்ளே போய் இருந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்து, "கட்டாயம் வந்து நிண்டு நடத்தித் தரவேணும்" என்று வாயால் சொல்லவேண்டும். போனில் சொன்னால்? "போனுக்குத்தானே சொன்னவை, போன் போகட்டும்" என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இரண்டு வாரம் தொழிலுக்குப் போகாமல் இதைச் செய்தார். எனக்குள் சிரிப்பு. படித்தவன் அல்லவா நான்? என் சிநேகிதர்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நானாவுக்கு எப்படிச் சொல்வது? தட்டமும் குங்குமமும் எங்களுக்குள் எதற்கு? நாங்கள் புத்தகத்தால் சிநேகிதமானவர்கள். கொழும்பிலிருந்து வரவழைத்த புத்தம்புதிய நாவல் ஒன்றை எடுத்தேன். நானே இன்னும் வாசிக்காதது. அதன் மேல் கார்டை வைத்து, கடையின் கண்ணாடி மேசையில் நீட்டினேன். என் கணக்கில் அதைவிடப் பெரிய மரியாதை உலகத்தில் இல்லை.

"ஆ... தங்கச்சிக்கா? மாஷா அல்லாஹ்."

கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மரக்கறிச் சாப்பாடுதான் நானா. யோசிக்காமல் வாங்கோ. நீங்கள் வராட்டில் மாப்பிள்ளை தாலி கட்டமாட்டார்."

"வாப்பாகிட்டச் சொல்றன்" என்றார்.

அந்த வசனத்தை நான் கவனிக்கவில்லை.

கலியாணத்தன்று மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். ஒவ்வொரு ஓட்டோவாகப் பார்த்தேன். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் பிடித்து வைத்திருந்தேன். யாரோ ஒரு பெரியம்மா அதில் கைப்பையை வைத்தார். எடுக்கச் சொன்னேன். பிறகு இன்னொருவர் பிள்ளையை இருத்தினார். ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டார். நானா வரவில்லை.

கோபம் வந்தது. ஒரு போன் எடுத்து "வர ஏலாது" என்று சொல்லலாம்தானே? நானும் எடுக்கவில்லை. கடைப்பக்கம் போகவும் இல்லை. இந்தப் பத்தியிலும் காட்டேறிகளை விட்டுவிட்டுப் பனங்கிழங்கைப் பற்றியும் பஸ் நடத்துநர்களைப் பற்றியும் எழுதினேன். உங்களில் பலர் இப்போதுதான் தம்பி உருப்படியாக எழுதுகிறார் என்று பாராட்டினீர்கள். நன்றி. அந்த நாட்களில் நான் எவ்வளவு வெறுமையாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு நாவல்தான் என்னை அசைத்தது. மிக நல்ல நாவல். முடித்துவிட்டு விறாந்தையில் இருந்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா வலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பசி வந்தது. ரோசத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கடை பூட்டியிருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். யோகன் அண்ணை ஜூஸ் அடித்துக்கொண்டே சொன்னார்.

"அவர் கடையை விட்டிட்டாரெல்லோ. வியாழக்கிழமை கட்டாருக்குப் போறார்."

நான் நின்றேன்.

"ஏன், உமக்குச் சொல்லேல்லையோ? நீங்கள் ரெண்டு பேரும் பிணப்பெட்டிக் கூட்டாளியள் எல்லோ?"

அன்று செவ்வாய்க்கிழமை. வீடு எங்கே என்று கேட்டேன். பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை, நீலக் கேற் என்றார். இரண்டு வருடச் சிநேகிதம்... வீட்டை ஜூஸ் கடையில் கேட்கவேண்டி வந்தது.

நீலக் கேற்றைக் கண்டுபிடித்தேன். ஆனால் கூப்பிட வாய் வரவில்லை. ஒழுங்கை முடிவு வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது: செத்த வீட்டுக்குச் சொல்லாமல் போகவேண்டும், கலியாண வீட்டுக்குச் சொன்னால்தான் போகவேண்டும். பயணம் போகிறவன் வீடு இதில் எந்தப் பக்கம்? என்னை வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பயணத்தைக்கூடச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு கேற்றைத் தட்டுவது? அதுவும் அந்த வீட்டுக் கேற்றை... அதுவும் நான்?

பின்னால் ஒரு குரல்.

"ஆரைப் பாக்கிறீங்க, மகன்?"

நானாவின் வாப்பா, தொழுதுவிட்டு வருகிறார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சேட். பெயரைச் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"ரத்தக்காரரா?"

"ஓம்... அது நான்தான்."

"தங்கச்சி கலியாணம் முடிஞ்சுதா? சுகமா இருக்கிறாவா?"

"ஓம். நீங்கள் வரேல்லை எண்டு..."

"நீங்க கடைக்குத்தானே சொன்னீங்க? கடைக்கும் கலியாணத்துக்கு வர விருப்பம்தான். நடக்க ஏலாதே அதுக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கேற்றைத் தள்ளித் திறந்தார்.

"உள்ளுக்கு வாங்க. வாசல்ல நிக்கிறது சரியில்ல."

நானா உள்ளே ஒரு பெரிய சூட்கேசுக்கு மேல் ஏறி இருந்துகொண்டு அதைப் பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கினார். சூட்கேஸ் வாயைத் திறந்துகொண்டது. கருவாடு, மிளகாய்த்தூள், ஒரு கட்டு உடுப்பு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் கருவாட்டைத்தான் பார்த்தோம்.

"கோவமா, எழுத்தாளர்?"

"சொல்லாமல் போறது நீங்கள்."

"கடைப்பக்கமே வராதது நீங்க."

"கலியாணத்துக்கு வராதது நீங்கள்."

அவர் விறாந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தார். வாப்பா அங்கே கதிரையில் இருந்து பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். நானா குரலைத் தாழ்த்தினார்.

"கார்டைக் கொண்டு வந்து வாப்பாட கையில குடுத்தன். எங்க வச்சுத் தந்தாங்க எண்டு கேட்டார். கடையில எண்டன். டிவிக்கு மேல வச்சார். அடுத்த நாள் அசர் தொழுதிட்டு வந்து, நல்ல சேட் ஒண்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கதிரையில இருந்தார். அதுக்கடுத்த நாளும் இருந்தார்."

"ஏன்?"

"ஏனா? நீங்க வருவீங்க எண்டுதான். அப்பா, அம்மாவோட."

நான் விறாந்தையில் இருந்த அந்தக் கதிரையைப் பார்த்தேன்.

"தொண்ணூறுக்கு முந்தி இந்த வீட்டுக்கு உங்கட ஆக்கள் தட்டத்தோட வந்து கலியாணம் சொல்லியிருக்காங்களாம். இவரும் போய்ச் சொல்லுவாராம். திரும்பி வந்ததுக்குப் பிறகு கார்டெல்லாம் கடைக்குத்தான் வருது. கடைக்காரனுக்குத் தாற கார்ட் அது... போகாட்டியும் ஒருத்தரும் தேடமாட்டாங்க. உங்கட கார்டுக்கு மட்டும் வாப்பா சொன்னார் — இது புத்தகம் படிக்கிற பெடியன், கட்டாயம் வீட்டுக்கு வந்து சொல்லுவான் எண்டு. கலியாணத்தண்டு காலமையும் இருந்தார். அவரை அப்பிடி இருத்திப்போட்டு நான் எப்பிடி வெளிக்கிடுறது?"

வாசலில் மழையில் நிற்கிறவனைப் பற்றி எத்தனை நாவல் வாசித்திருப்பேன்? எத்தனை நாவலை உங்களுக்குப் பரிந்துரைத்திருப்பேன்? உள்ளே நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறவரைப் பற்றி ஒரு நாவலும் நான் வாசிக்கவில்லை.

உம்மா பிளேன்ரீயும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். பிறகு விறாந்தைக்குப் போய் வாப்பாவுக்கு முன்னால் நின்றேன்.

"அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வரட்டோ?"

"கலியாணம்தான் முடிஞ்சுதே. வந்து என்னத்தைச் சொல்லப்போறாங்க?"

"ஒண்டும் இல்லை. சும்மா."

அவர் பேப்பரை மடித்தார்.

"சும்மா வாறதெண்டா நாளைக்கே வரலாம்."

வெளிக்கிடும்போது நானா ஒரு பையைத் தந்தார். அவரிடம் இருந்த என் புத்தகங்கள். அவருடைய புத்தகங்களும்.

"ஒண்டாவது கொண்டு போங்கோ நானா. பிளேனிலை வாசிக்க."

"இடமில்ல எழுத்தாளர். கருவாட்டை எடுத்துட்டுக் காட்டேறியை வச்சா உம்மா என்னை உயிரோட விடமாட்டா."

"தமிழிலை வந்த சின்னப் புத்தகம் ஒண்டு..."

"நீங்க எழுதுங்க. நான் போன்ல வாசிக்கிறன்."

வியாழக்கிழமை அவர் போனார். வழியனுப்ப நான் கொழும்புக்குப் போகவில்லை, வேலை நாள். பஸ் ஏறும் இடத்தில் ஒரு பத்து நிமிடம் நின்றோம். அந்தப் பத்து நிமிடமும் வெளிச்சவீட்டுக்காரியைப் பற்றித்தான் கதைத்தோம். அவன் யார் என்று தெரிந்துகொண்டுதான் அவள் கதவைத் திறந்தாள் என்று அவர் சொன்னார். தெரியாமல் என்று நான். நடத்துநர் விசில் அடித்துவிட்டார். முடிவு வரவில்லை.

அப்பாவையும் அம்மாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அப்பா அதே வெள்ளை வேட்டி. ஒரு பெரிய பாரை மீனையும் கொண்டுவந்தார். வாப்பாவும் அப்பாவும் ஐந்து நிமிடம் மாறி மாறி "ஓம், ஓம்" என்றார்கள். பிறகு இடம்பெயர்ந்து போய் இருந்த இடங்களின் தண்ணீரைப் பற்றித் தொடங்கினார்கள். எந்த ஊர்க் கிணற்றில் உப்பு, எங்கே காவி... இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை. இப்போது அவர்கள் போனில் கதைக்கிறார்கள். ஒரு புத்தகமும் வாசிக்காத இரண்டு பேர்! நான்தான் புத்தகப் பையை வைத்துக்கொண்டு விறாந்தையில் இருக்கிறேன்.

ஆக, சந்தையில் என்னைப் பிடித்த ஐயாவுக்கு என் பதில் இதுதான். ஏன் இதையே எழுதுகிறேன்? இதை வாசிக்கிற ஓர் ஆள் தூரத்தில் இருக்கிறார். புத்தகத்தைப் பரிந்துரைப்பது என்பது வேறு என்ன? கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதானே?

வெள்ளிக்கிழமை நானாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவருக்குக் கிடைத்தது பெரிய ஷொப்பிங் மோல் ஒன்றில் இரவு வேலை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஏசி இயந்திரங்களைப் பார்க்கவேண்டும். அப்படியே எழுதுகிறேன்:

"எழுத்தாளர், ஒரு செய்தி. ராவு முழுக்க முழிப்பு. விடியிறதுக்குள்ள அறைக்கு ஓடி வந்துடுவன். வெளிச்சம் வராம யன்னலுக்குக் கறுத்த சீலை கட்டியிருக்கு. கட்டில் என்ட உடம்பளவுதான், புரண்டு படுக்க ஏலாது. சூரியனைக் கண்டு ரெண்டு மாசம். முகம் வெளுத்துப் போச்சு. இப்ப விளங்குதா நான் ஆர் எண்டு?"

சிரிப்புச் சத்தம். பிறகு ஏசி இரைச்சல் மட்டும்.

"வெள்ளிக்கிழமை லீவு. ரோட்டால நடப்பன். வீடுகள்ல லைட் எரியும். எங்கட சாப்பாட்டு வாசம்கூட ஒரு வீட்டால வரும். ஆரெண்டு தெரியாது. ஒருத்தரும் வாங்க எண்டு சொல்லல. நாமளா எப்பிடிப் போறது?"

அவ்வளவுதான் பதிவு.

உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ கட்டாரில் இருப்பார்கள். இந்தப் பத்தியை வாசிக்கிற வீடுகளில் எப்படியும் நாலைந்து வீட்டிலாவது இருப்பார்கள். இந்த வாரம் என் பரிந்துரை புத்தகம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை நானாவைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் முகவரி தருவேன். பயப்படவேண்டாம்... பிளேன்ரீதான் குடிப்பார்.

ஒன்று மட்டும் — வட்ஸ்அப்பில் சொன்னால் வரமாட்டார். அறைக்கு நேரில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.